யூரியா சோறல்ல, உப்பு

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டக் குறிப்புகளிலும் மாணவர் பக்கங்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வசனத்தைப் பற்றி எழுதுகிறோம்: "மரத்துக்கு மாதம் ஒருமுறை சாப்பாடு போடுங்கோ." அடுத்த வரியில் யூரியா, ரி.எஸ்.பி., எம்.ஓ.பி. என்று உரப்பட்டியல் வரும். உரக்கடையில் போய் நின்றாலும் "மா காய்க்கேல்லை, தீன் காணாது போல" என்றுதான் கதை நடக்கும். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் மாமரத்துக்குக் காது இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருக்கும். மூன்று வேளையும் தானே சமைத்து, அணில், வௌவால், எறும்பு, நாங்கள் என்று ஊருக்கே பந்தி வைக்கிற சமையல்காரிக்கு ஒரு சிரட்டை உப்பைக் கொண்டுபோய் நீட்டி, "இந்தா பிள்ளை, பசிக்குமே, சாப்பிடு" என்றால் எப்படியிருக்கும்?

மரம் தன் சோற்றைத் தானே ஆக்குகிறது. அரிசி, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு. உலைத்தண்ணீர், வேர் உறிஞ்சிக் கொடுப்பது. அடுப்பு, வெயில். பானை, இலைக்குள் இருக்கும் பச்சையவுருமணி. ஆறு மூலக்கூறு காபனீரொட்சைட்டும் ஆறு மூலக்கூறு தண்ணீரும் சேர்ந்து ஒரு மூலக்கூறு குளுக்கோசு ஆகும். ஆறு மூலக்கூறு ஒட்சிசன் வெளியே போகும். இந்தச் சமையலில் உரத்துக்கு உள்ள இடம் உப்பின் இடம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது இங்கேயும் உண்மை: ஒவ்வொரு பச்சைய மூலக்கூறின் நடுவிலும் ஒரு மகனீசிய அணு, அதைச் சுற்றி நாலு நைதரசன் அணு. அவை இல்லாமல் பானையே இல்லை. அதற்காக உப்பைத் தின்று வயிறு நிரப்புகிறவர் எவரும் இல்லை.

நம்பாதவர் அடுப்படிக்குப் போய்ப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவை முழுதாக எரியவிட்டுச் சாம்பலை நிறுத்தால், மரத்தைப் பொறுத்து 5 முதல் 20 கிராம் வரை மிஞ்சும். மண்ணிலிருந்து மரம் எடுத்ததில் பெரும்பகுதி அந்தச் சாம்பல்தான். நைதரசன் மட்டும் புகையோடு போயிருக்கும். மிச்சம் அத்தனையும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கட்டியது. எரிந்ததும் வந்த வழியே திரும்பிவிட்டது.

இதை முதன்முதலில் நிறுத்துப் பார்த்தவர் பிரசெல்சைச் சேர்ந்த வான் ஹெல்மொண்ட். 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள ஒரு வில்லோக் கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் விட்டு 5 வருடம் வளர்த்தார். மரம் 169 இறாத்தல் 3 அவுன்ஸ் ஆனது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. "மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது" என்று அவர் முடிவுகட்டினார், காற்றை மறந்துவிட்டார். காற்றை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்? பச்சை இலை வெயிலில் மட்டுமே ஒட்சிசனை விடுகிறது என்பதை இங்கன்கௌஸ் காட்டியது 1779இல்.

அந்தக் காற்றில் அரிசி எவ்வளவு தெரியுமா? பத்தாயிரம் பங்கில் நாலு பங்கு கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டால் ஒரு தேக்கரண்டி சீனிக்கு, 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம், தேவையான காபனீரொட்சைட்டு சுமார் 8 கனமீற்றர் காற்றில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரைகளில் நிற்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி எட்டில் நிறையக் காற்றை எடுத்து, அதில் ஒன்றும் விடாமல் பொறுக்கினால் ஒரு தேத்தண்ணிக்குச் சீனி. கரும்பும் பனையும் இந்தப் பொறுக்கலைச் சத்தமில்லாமல் செய்கின்றன.

பொறுக்குகிற வாசல்தான் இலைவாய், இலையிலுள்ள நுண்துளை. இங்கேதான் தாவரத்தின் வாழ்நாள் சங்கடம். வாசலைத் திறந்தால் அரிசி உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகும். நெல் போன்ற பயிர் ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டைப் பிடித்து முடிக்கச் சுமார் 400 மூலக்கூறு தண்ணீரை ஆவியாக விடுகிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் சமையலுக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் உச்சி வெயிலில் மண் காய்ந்திருந்தால் கத்தரியும் மிளகாயும் வாசலைச் சாத்திவிடும். வெளியே நெருப்பாய் வெயில், அடுப்பு கனன்று எரிகிறது, பானையில் அரிசி இல்லை. "நல்ல வெயில்தானே, ஏன் வளரேல்லை?" என்பதற்கு விடை இது. விடியப்புறம் இறைத்து முடிக்கிற பழக்கம் சும்மா வந்ததில்லை. காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில், வெளிச்சம் இருந்து வெக்கை ஏறாத நேரத்தில், வாசல் அகலத் திறந்திருக்க மண்ணில் ஈரம் வேண்டும்.

அரிசி உள்ளே வந்த பிறகும் ஒரு கூத்து உண்டு. அதைப் பிடித்துப் பானையில் போடுகிற நொதியம் ரூபிஸ்கோ. உலகத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்று. வேலையோ மிக மெதுவு, ஒரு நொடிக்கு மூன்று நாலு மூலக்கூறு. போதாததற்குக் கண்பார்வையும் மங்கல். கலியாண வீட்டு வாசலில் நிற்கிற வயதான பெரியப்பா, பக்கத்து மண்டபத்துக்கு வந்தவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பந்தியில் இருத்துவாரே, அதே கணக்கு. காபனீரொட்சைட்டு என்று நினைத்து ஒட்சிசனைப் பிடித்துவிடும். 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ நாலு தரத்தில் ஒரு தரம் இப்படி. வெக்கை ஏற ஏறத் தவறும் ஏறும். தவறி வந்த விருந்தாளியை மனம் நோகாமல் வழியனுப்பச் சமைத்ததில் ஒரு பங்கு செலவாகும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

சோளம், கரும்பு, குரக்கன், தண்டங்கீரை ஆகியவை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. படலையிலேயே இன்னொரு நொதியத்தை நிறுத்தி, ஆள் சரிபார்த்துக் காபனீரொட்சைட்டை மட்டும் பிடித்து, உள்வீட்டில் இருக்கிற பெரியப்பாவிடம் கூட்டமாக அனுப்புகின்றன. சுற்றிலும் அரிசியே நின்றால் மங்கிய கண்ணும் தவறு செய்யாது. வாசலை அரைகுறையாகத் திறந்தாலும் போதும் என்பதால் தண்ணீர்ச் செலவும் குறைவு: 400க்குப் பதில் 250 அளவு. பங்குனி சித்திரையில் மற்றக் கீரைகள் சோர்ந்து நிற்கத் தண்டங்கீரை தளதளவென்று எழும்புவதற்கு இது ஒரு காரணம்.

அன்னாசி, கற்றாழை, நாகதாளி, இப்போது வேலியோரம் ஏற்றுகிற டிராகன் பழம் எல்லாம் வேறு சாதி. பகலில் படலையைப் பூட்டிவிட்டு இராத்திரியில் திறந்து, காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாக்கிப் பொத்திவைத்து, விடிந்ததும் பூட்டிய வீட்டுக்குள் சமைக்கின்றன. தண்ணீர்க் கணக்கு 50க்கு இறங்கிவிடும். நாக்கால் அறியக்கூடிய செய்தி இது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினிப் பணியில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மத்தியானம் புளிப்புக் குறைகிறது என்று 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இராத்திரி வாங்கிவைத்த அரிசி பகலில் உலையில் ஏறியதைத்தான் அவர் சுவைத்தார்.

இனி உப்புக்கு வருவோம். கூடினாலும் குறைந்தாலும் என்ன நடக்கும் என்பதைத் தோட்டக்காரர் தெரிந்திருக்க வேண்டும்.

யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். தண்டோடு ஒட்டிக் குவித்தால் மண்ணீரில் உப்புச்செறிவு ஏறி, வேருக்குள் போகவேண்டிய தண்ணீர் வெளியே இழுபடும். இலை ஓரம் கருகும். "தண்ணி விட்டும் வாடுது" என்று இன்னும் ஒரு பிடி போடுகிறவர்களும் உண்டு. தாகத்தில் கிடப்பவருக்கு ஊறுகாய் ஊட்டுவது அது. கிளை விரிந்த எல்லைக்கு நேர்கீழே, ஈரமண்ணில், இரண்டு விரல் ஆழத்தில் வளையமாகப் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விட வேண்டும். வெயிலில் மேலே தூவிவிட்டுப் போனால், எங்கள் யாழ்ப்பாணச் சுண்ணாம்பு மண்ணில் அதில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். மணத்தாலேயே பிடிக்கலாம். மிஞ்சியது நைத்திரேற்றாகி, ஓட்டைகள் நிறைந்த எங்கள் சுண்ணக்கல்லின் வழியே நேரே கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. யாழ் குடாநாட்டின் வலிகாமத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இது தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். "மரத்துக்குச் சாப்பாடு" என்ற ஒரு சொல், பால்மாக் கரைக்கிற தண்ணீர்வரை வந்து நிற்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

மஞ்சளைக் கண்டவுடன் யூரியாவை எடுப்பதும் தவறு. எந்த இலை மஞ்சள் என்று முதலில் பார்க்க வேண்டும். அடியிலுள்ள பழைய இலை ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் குறைவு. தாவரம் பழைய இலையிலிருந்து கழற்றிக் குருத்துக்குக் கொடுக்கிறது, மூத்தபிள்ளையின் சட்டையை இளையதுக்குப் போடுவது மாதிரி. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புக் குறைவு. இரும்பை அப்படிக் கழற்றிக் கொடுக்க முடியாது. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் பூட்டிக்கிடக்கும். பச்சையம் ஆக்க இரும்பு வேண்டும். இரும்புச் சத்துள்ள பெரசுசல்பேற்றை மண்ணில் போட்டால் அதுவும் பூட்டுக்குள் போய்விடும். 10 லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, பின்னேரம் வெயில் தணிந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை. உச்சி வெயிலில் தெளித்தால் துளி காய்ந்து செறிந்து இலையைச் சுடும்.

பூச்சியைப் பிடித்துத் தின்கிற தாவரம் உண்டே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் குடுவைத் தாவரம் இருக்கிறது, பூச்சி அதற்குள் விழுந்து கரைகிறது. அதுவும் சோறில்லை. மண்ணில் நைதரசன் போதாத இடத்தில் வளர்வதால் உப்புக்காகப் பூச்சி பிடிக்கிறது. சோறு அங்கேயும் இலையில்தான் வேகிறது. மாமரக் கிளையில் குந்தியிருக்கும் குருவிச்சை பாதி நேர்மை: தன் பச்சை இலையில் தானே சமைக்கும், தண்ணீரையும் உப்பையும் மட்டும் மாமரத்தின் குழாயில் துளைபோட்டு எடுக்கும். குருவிச்சையை மட்டும் ஒடித்தால் உள்ளே போன வேர் திரும்பத் துளிர்க்கும். அது பற்றிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும், பழம் பழுத்துக் குருவி கொத்துமுன்.

சமைத்தது சரி, சாப்பிடுவது எப்போது? இங்கே இன்னொரு பெரிய குழப்பம் இருக்கிறது. "தாவரம் ஒளித்தொகுப்புச் செய்யும், விலங்கு சுவாசிக்கும்" என்று இரண்டு நிரலாகப் பிரித்து எழுதிக்கொடுக்கிறார்கள். தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. சமைக்கிறவரும் சாப்பிடத்தானே வேண்டும்!

குளுக்கோசு என்பது ஐயாயிரம் ரூபா நோட்டு. மினிபஸ்ஸில் ஏறிக் கொண்டக்டரிடம் அதை நீட்டினால் என்ன முகம் காட்டுவார்? கலத்துக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையும் அந்த மினிபஸ்தான்: சில்லறை வேண்டும். அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏ.ரி.பி. நோட்டை மாற்றிக்கொடுக்கிற கடை இழைமணி. மாமரத்திலும் மாட்டிலும் மனிதரிலும் அதே கடை, அதே முறை. ஒட்சிசன் கிடைத்தால் ஒரு குளுக்கோசுக்கு 30 அளவில் ஏ.ரி.பி.; கிடைக்காவிட்டால் வெறும் 2. மனித உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரி.பி. மிகக் கொஞ்சம், மாற்றி மாற்றிப் புழங்கி ஒரு நாளில் அது ஓர் ஆளின் எடையளவுக்கு வந்துவிடும்.

முப்பதுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாரி மழையில் தோட்டத்திலேயே காணலாம். வெள்ளம் நின்ற பாத்தியில் மிளகாய் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். மண்ணிலிருந்த காற்று இடைவெளிகளில் தண்ணீர் புகுந்துவிட்டதால் வேருக்கு ஒட்சிசன் இல்லை. 2 சில்லறையில் உப்பை உள்ளே இழுக்கவும் முடியாது, தண்ணீரைச் சரியாக எடுக்கவும் முடியாது. பப்பாசி இரண்டு நாள் தாங்காது. நெல்லுக்கு மட்டும் தண்டுக்குள் காற்றுக் குழாய் இருக்கிறது, மேலிருந்து வேருக்கு ஊதிக்கொடுக்கிறது. ஆகவே வெள்ளம் நின்றால் முதல் வேலை ஒரு நாளுக்குள் வாய்க்கால் வெட்டி வடிப்பது. மேல்மண் உதிரக் காய்ந்ததும் மெதுவாகக் கொத்திக் காற்றுவிட வேண்டும். இலை மஞ்சளாகிறதே என்று அந்த வாரம் யூரியா போடக்கூடாது. மூச்சுத்திணறிக் கிடப்பவருக்குப் பந்தி பரிமாறிப் பயனில்லை. புது வெள்ளை வேர் தலைகாட்டிய பிறகு போடலாம்.

ஒட்சிசன் இல்லாமல் நோட்டை மாற்றுகிற இன்னொருவரை எங்கள் குசினிகள் நன்றாக அறியும். அப்பமாவுக்குக் கள்ளு விடுகிறோமே, அதிலுள்ள மதுவம். சீனியை உடைத்து மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்குகிறது. அந்த வாயுதான் அப்பத்தின் கண்கள். கள்ளை ஊற்றும்போது மா சுடச்சுட இருந்தால் மதுவம் செத்துவிடும். உப்பை முதலிலேயே அள்ளிப்போட்டால் மந்தப்படும். சுடுவதற்குச் சற்று முன் உப்பிடுவது அதற்காக. கருப்பநீர் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதும் இதே மதுவத்தை வேலைசெய்ய விடாமல் தடுக்கத்தான்.

இராத்திரியில் மரத்தடியில் படுத்தால் மரம் கரியமில வாயுவை விட்டு ஆளைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும். ஓர் ஆள் ஒரு நாளில் மூச்சாக விடுவது ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. அறைக்குள் ஒரு பூச்சாடி இரவு முழுவதும் விடுவது ஒருசில கிராமைத் தாண்டாது. அறையைப் பகிர்ந்து படுக்கிற தம்பி அதைவிட எத்தனையோ மடங்கு விடுவான், குறட்டையோடு. பூச்சாடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தாவரம் மூச்சுவிடுகிறது என்பதை வெப்பத்தால் காட்டலாம். ஊறவைத்து முளைகட்டிய பயறை வெந்நீர்ப் போத்தலில் பாதிக்கு மேல் நிரப்பி, வெப்பமானி செருகி, வாயைப் பஞ்சால் மட்டும் அடைக்க வேண்டும். இறுக மூடினால் ஒட்சிசன் தீர்ந்து பரிசோதனை படுத்துவிடும். இன்னொரு போத்தலில் அவித்து ஆறிய பயறு. ஒரு நாளில் முளைப்பயறு சில பாகை சூடேறியிருக்கும். பல பாடசாலைகளில் இரண்டாம் நாள் அவித்த பயறும் சூடேறி, பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். அது அழுகத் தொடங்கிய பயற்றில் பற்றீரியாவின் மூச்சு. இரண்டு பங்கையும் ஐதான கிருமிநீக்கியில் அலசிப் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

முளைக்கிற விதை வெயில் காணாமல் எதைச் சாப்பிடுகிறது? பனம்பாத்தியைக் கிளறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பனங்கொட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பருப்பு கல்லுப்போல இறுகியது, கத்தி போகாது. ஆவணி புரட்டாசியில் பாத்தி போட்டு ஈரம் பட்டதும் கொட்டைக்குள் பஞ்சுபோல ஒன்று வீங்குகிறது, அதுதான் பூரான். நாங்கள் அதை இனிப்பென்று பிளந்து தின்கிறோம். உண்மையில் அது பனங்கன்றின் வாய். கல்லுப் பருப்பை நொதியத்தால் கரைத்துச் சீனியாக்கி உறிஞ்சி, கீழே இறங்குகிற முளைக்கு அனுப்புகிறது. முளை அதை மாப்பொருளாகக் கட்டிவைக்கிறது: பனங்கிழங்கு. ஒரு சிறங்கை வெயில்கூடப் படாமல் தாய்மரத்தின் கட்டுச்சோறு கொட்டையிலிருந்து கிழங்குக்கு மாறியாயிற்று. தைப்பொங்கலை ஒட்டிக் கிண்டினால் மா நிறைந்திருக்கும். பிந்தினால் குருத்து மேலெழும்ப அந்த மாவைச் செலவழித்துவிடும். நாரும் தும்பும்தான் மிஞ்சும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாய்க் காயவைத்தால் ஒடியல். எங்கள் கூழ்ப்பானைக்குள் இருப்பது எப்போதோ ஒரு பெண்பனை உச்சியில் பட்ட வெயில்.

விலங்குகள் பக்கம் வந்தால், பந்தியில் மிகவும் கண்ணியமான விருந்தாளி பசு. பசு புல்லால் வாழ்கிறது என்பது பாதிதான் சரி. புல்லின் செலுலோசை உடைக்கிற நொதியம் பசுவிடம் இல்லை. அதன் முதல் வயிறு ஒரு பெரிய கூழ்ப்பானை, பெரிய பால்மாட்டில் 100 லீற்றரைத் தாண்டும். அதற்குள் கோடிகோடி நுண்ணங்கிகள் புல்லைத் தின்று, கழிவாகச் சில கொழுப்பமிலங்களை விடுகின்றன. அந்தக் கழிவுதான் பசுவின் சக்தியில் ஏறத்தாழ எழுபது சதவீதம். கூடவே வரும் மெதேன் ஏப்பமாகப் போகும். கடைசியில் அந்த நுண்ணங்கிகளையே அடுத்த வயிற்றுக்கு அனுப்பிச் செரித்துப் புரதமும் எடுத்துக்கொள்கிறது: சமையற்காரரை வைத்துச் சமைப்பித்து, பிறகு சமையற்காரரையும் சாப்பிட்டுவிடுவது! பானை புளித்துப்போகாமல் இருக்க நாளில் ஏழெட்டு மணித்தியாலம் அசைபோட்டு உமிழ்நீரை இறக்குகிறது. அந்த உமிழ்நீரில் இருப்பது அப்பச்சோடாவின் சரக்கு.

இந்தப் பானையைத்தான் நாங்கள் பட்டிப்பொங்கலன்றும் கலியாண வீட்டு மறுநாளும் கெடுக்கிறோம். மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் அண்டாவோடு வைத்துவிடுகிறோம். வைக்கலுக்குப் பழகிய பானையில் மாப்பொருள் கொட்டினால் வேறு பற்றீரியாக்கள் பெருகி இலற்றிக்கமிலத்தை ஆக்கும். சில மணித்தியாலத்தில் பானை முழுவதும் புளிக்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், இடப்பக்க விலா உப்பும், சாணி தண்ணீராய்ப் புளிப்பு மணத்தோடு போகும், பிறகு படுத்துவிடும். ஆட்டுக்கு இது இன்னும் கெதியாக வரும். ஒரு கைப்பிடி பொங்கல் சாமிக்கும் மாட்டுக்கும் போதும். அதிகம் தின்றுவிட்டால் சோற்றை எடுத்துவிட்டு வைக்கல் மட்டும் வைத்து, உடனே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். அடுத்தநாள் பார்ப்போம் என்று விடக்கூடாது. தவிடு புண்ணாக்கைக் கூட்டுவதானாலும் பத்துப் பதினாலு நாளில் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டினால் பானைக்குள் இருப்பவர்கள் பழகிக்கொள்வார்கள். பனையோலை வார்ந்து போட்டு, கிளிசறிடியாக் குழையும் வைத்து வளர்த்த பழையவர்கள் அந்தப் பானையைக் கலங்கவிடவில்லை.

நாங்களோ? ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுகிறவர் ஓடுவது சராசரி 97 வாற்றில். பழைய நூறு வாற்றுக் குண்டுபல்ப் ஒன்று. கந்தோரில் கோப்புப் பார்ப்பதும் கோயில் வீதி சுற்றுவதும் அயலோடு கதைப்பதும் எல்லாம் அந்த ஒரு பல்பின் செலவில். உடம்பு மெலிகிறவர்களின் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வேர்வையில், கழிவறையில், வெப்பமாக என்று பலரும் சொல்வார்கள். 2014இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப்போட்டு வெளியிட்டார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. காற்றைப் பொறுக்கி மரம் கட்டியதை நாங்கள் தின்று, காற்றாகவே ஊதிவிடுகிறோம். அதை வேலியோரத்து முருங்கை திரும்பப் பொறுக்குகிறது.

கடைசியாக மாணவர் பக்கங்களுக்கு ஒரு திருத்தம். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை வீட்டில் செய்யச் சொல்கிறீர்கள். நல்லது. செடியை முதலில் 48 மணித்தியாலம் இருட்டில் வைக்கும்படி சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் முந்தின நாள் சோறு பானையில் கிடந்து, மூடிய பகுதியும் நீலமாகும். கறுப்புக் கடதாசியை இலையின் இரு பக்கமும் கவ்வவைத்து, நாலைந்து மணித்தியாலம் வெயில் காட்ட வேண்டும். பிறகு இலையை ஒரு நிமிடம் கொதிநீரில் அமிழ்த்தி, மதுசாரத்தில் பச்சையம் போகும்வரை வைக்க வேண்டும். மதுசாரம் 78 பாகையில் கொதிக்கும், ஆவி தீப்பற்றும். அடுப்பை அணைத்துவிட்டு, இறக்கிய கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மதுசாரக் குழாயை நிறுத்தவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். வெளுத்த இலை அப்பளம்போல முறியும். வெந்நீரில் நனைத்து இளக்கி அயடீன் விட்டால் வெயில் பட்ட பகுதி கருநீலமாகும்.

எந்த இலை என்பதும் முக்கியம். மாவிலை மெழுகும் தடிப்புமாய் அயடீனை உள்ளே விடாது. செவ்வரத்தை நல்லது. வெங்காயத்தாள் வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டுவது அதுதான் என்று பல பிள்ளைகள் அதையே எடுக்கிறார்கள். வெங்காயம் சமைத்ததை மாப்பொருளாகக் கட்டாமல் சீனியாகவே வைத்துக்கொள்ளும், தாளிக்கும்போது இனிப்பது அதனால். வெங்காயத்தாளில் செய்துபார்த்துவிட்டு "நீலம் வரவில்லை" என்று எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி குறைக்கவேண்டாம் என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை கண்டது சரி.

இப்படிக்கு,
விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கும் வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.